நீலப்பச்சைச் சுவர்: ரசனை, சாதி, செம்பு

வீட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதெல்லாம் விமர்சனத்துக்குரிய பொருளா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். கொடிகளின் நிறத்தைப் பற்றி நாம் எழுதித் தள்ளியிருக்கிறோம். சிவப்பு, கறுப்பு, நீலம், காவி என ஒவ்வொன்றுக்கும் தத்துவார்த்தப் பின்புலம், வரலாற்றுக் கட்டம், துரோகிகள் பட்டியல் எல்லாம் கைவசம் உண்டு. ஆனால் மனிதர்கள் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது கொடியை அல்ல, சுவரை. அந்தச் சுவரை ‘அலங்காரம்’ என்று ஒதுக்கி, பெயிண்ட் கம்பெனிகளின் விளம்பரப் பிரிவுக்குத் தாரை வார்த்துவிட்டோம். அலங்காரம் என்றாலே மேல்பூச்சு, மேல்பூச்சு என்றாலே பொய் என்ற சமன்பாடு நம் விமர்சன மொழிக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. அணி இலக்கணத்தை ஐந்திலக்கணங்களில் ஒன்றாக வைத்திருக்கும் மொழியில் இது நடந்திருக்கிறது என்பது சுவாரசியமான விஷயம்.

இங்கே ஒரேயொரு நிறத்தை எடுத்துக்கொள்கிறேன். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயிலிலிருந்து வடக்கே திரேஸ்புரம் வரையிலோ, தெற்கே வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு வரையிலோ போனால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற நீலப்பச்சை. வெளிச்சுவரில் வெளிறியும் உள்சுவரில் அழுத்தமாகவும், சன்னல் கம்பியில் எனாமலாகவும் இருக்கும். ஷேடு கார்டில் இதற்கு நாலைந்து பெயர்கள்: டர்க்காய்ஸ், டீல், அக்வா, ஸீ கிரீன், பீக்காக். டர்க்காய்ஸ் என்றால் துருக்கிக் கல். டீல் ஒரு வாத்தினம். பேண்டோன் நிறுவனம் 2010ஆம் ஆண்டின் நிறமாக டர்க்காய்ஸை அறிவித்தபோது, வெப்பமண்டலக் கடல் தரும் ஆறுதல், அன்றாடத் தொல்லையிலிருந்து விடுதலை என்றெல்லாம் விளக்கம் சொன்னது. யாருடைய அன்றாடம், எந்த வெப்பமண்டலம் என்பது அந்த விளக்கத்தில் இல்லை. வெப்பமண்டலக் கடலோரத்தில் வசிப்பவன் தப்பித்துப் போக எங்கே போவான்?

தமிழில் இதற்குச் சொல் என்ன? பட்டுச்சேலைக் கடையில் ‘மயில்கழுத்து’ என்பார்கள். பெயிண்டர்கள் ‘கடல் கலர்’, ‘பாசிக் கலர்’ என்பார்கள். பெர்லினும் கேயும் 1969இல் எழுதிய நிறச்சொற்கள் பற்றிய நூல், பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிகளை ஒரு வளர்ச்சிப் படிக்கட்டின் கீழ்ப்படிகளில் உட்கார வைத்தது. மேல்படியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மரபில் திருமாலின் நிறம் பச்சையென்றும் நீலமென்றும் கருமையென்றும் ஒருசேரப் பாடப்பட்டது. அது சொற்பஞ்சம் அல்ல. தமிழில் ‘பச்சை’ முதலில் ஒரு நிலை, பிறகுதான் நிறம். பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சைத் தண்ணீர், பச்சை மண் இவற்றில் எதுவும் பச்சை நிறமில்லை. எல்லாவற்றிலும் இன்னும் காயாத, வேகாத, ஆறாத ஏதோ ஒன்று இருக்கிறது. கடற்கரைக்குத் திணைப்பெயர் தந்த நெய்தலோ நீலப் பூ. ஆக இந்தக் கரையின் பெயர் நீலத்திலும், அதன் ஈரம் பச்சையிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பெயர் வைக்க வேண்டிய கட்டாயம் ஷேடு கார்டு வந்த பிறகுதான் வந்தது. திரேஸ்புரத்தில் ஒரு பெயிண்டர், கடல் கலர் வேணும் என்று கேட்ட வீட்டுக்காரம்மாவிடம் சொன்ன பதில் இது: “எக்கா, கடல் கலருன்னா எந்தக் கடலுக்கா? கச்சான் அடிக்கும்போது கெடக்க கடலா, வாடைக் கடலா?” கார்டில் இந்தக் கேள்விக்கு எண் கிடையாது.

கடல் ஏன் அந்த நிறம் என்பதற்கு வானத்தின் பிரதிபலிப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், அது மட்டும் போதாது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். கரையோரத்தில் நுண்பாசியும் கலங்கலும் அடிமணலும் சேர்ந்து நீலத்தைப் பச்சைக்கு இழுக்கின்றன. மீன்பிடிப்பவர்களுக்கு இது ரசனை விஷயமில்லை. நீரின் நிறம் ஆழத்தைச் சொல்லும். அடியில் பாரா, மணலா, சேறா என்று சொல்லும். முத்துக் குளித்தவர்களின் கண்ணுக்கு இது இன்னொரு விதம். இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. அதுவரை கல்லைக் காலில் கட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள், பார் இருக்கும் ஆழத்தை அடையும்போது சூரிய ஒளியின் சிவப்பு முழுக்க மேலேயே நின்றுவிடும். அங்கே நீலப்பச்சை என்பது ஒரு நிறமல்ல, சிவப்பு இல்லாமை. அழுத்தத்தில் காதிலிருந்து கசியும் ரத்தம்கூட அங்கே சிவப்பாகத் தெரியாது. மேலே வந்து பார்த்தால்தான் தெரியும்.

சுவருக்கு வரும் கடலில் இந்த வேலை எதுவும் இருப்பதில்லை. ஓட்டல் சன்னலிலிருந்து பார்க்கப்படும் கடல், மனிதர் யாரும் இல்லாத கடல், அதுதான் ‘அக்வா’. வேலை துடைக்கப்பட்ட பிறகுதான் கடல் நிறமாக மாறி விற்பனைக்கு வருகிறது. இவ்வளவோடு கட்டுரையை முடித்து, நுகர்வுக் கலாச்சாரத்தின் மீது நாலு சாபம் போட்டுவிட்டுப் போகலாம். நம் தோழர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் திரேஸ்புரத்துச் சுவர்களை அப்படி முடித்துக்கட்ட முடியாது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா, “வெடிஞ்சா அடைஞ்சா அந்த எழவுக் கடலத்தான் பாக்கோம், வீட்டுக்குள்ளயும் வேணுமாக்கும்?” என்று சொல்லிவிட்டு ரோஸ் கலர் அடித்திருந்தார். பக்கத்து வீடு முழுக்க நீலப்பச்சை. அந்த வீட்டிலும் ஆள் கடலுக்குப் போகிறவர்தான். குறியீட்டியலை வைத்துக்கொண்டு இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவிலே போனால் சந்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரசனைக்கு வருவோம். சென்னையிலிருந்து வரும் நம் எழுத்தாள நண்பர்கள் இந்தத் தெருக்களில் நடக்கும்போது முகத்தில் ஒரு மெல்லிய புன்னகை படரும். ‘என்னா கலருய்யா இது!’ அந்தப் புன்னகைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. கதே 1810இல் எழுதிய நிறங்கள் பற்றிய நூலில், நாகரிகமடையாத இனங்களும் கல்வியற்றோரும் குழந்தைகளும் பளிச்சென்ற நிறங்களை விரும்புவார்கள் என்றும், பண்பட்டவர்கள் அவற்றைத் தவிர்ப்பார்கள் என்றும் தீர்ப்பெழுதினார். லெ கொர்புஸியே 1925இல், ஒவ்வொரு குடிமகனும் வீட்டுக்குள் உள்ள வண்ணத்தையும் தாளையும் எடுத்தெறிந்துவிட்டு வெள்ளை பூச வேண்டும் என்று கிட்டத்தட்டச் சட்டமாகவே பிரகடனம் செய்தார். நவீனத்துவம் நம்மிடம் வந்தபோது இந்த வெள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தது. சிறுபத்திரிகைக்காரன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்: ஆஃப் ஒயிட், ஒரு புத்தக அலமாரி, ஒரு கோட்டோவியம். போத்ரியா 1968இல் ‘பொருட்களின் அமைப்பு’ நூலில், வெளிர்நிறங்கள் என்பவை நிறமாக வாழத் துணியாத நிறங்கள், ஒழுக்கத்தின் சாயல் என்ற பொருளில் எழுதியதை மேற்கோள் காட்டுகிற நாமே அந்த வெளிர்நிறத்துக்குள் உட்கார்ந்துதான் காட்டுகிறோம். பூர்தியு சொன்ன மாதிரி, ரசனை வகைப்படுத்துகிறது; வகைப்படுத்துகிறவனையும் சேர்த்தே வகைப்படுத்துகிறது.

இங்கே தமிழ்நாட்டுக்கு என்று ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. வர்ணம் என்ற சொல் நமக்கு இரண்டு வேலை செய்கிறது. தென்மாவட்டங்களில் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மின்கம்பம், பஸ் ஸ்டாப், பாலத்துக் கைப்பிடிச் சுவர், பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிறு என எல்லாவற்றிலும் இரண்டு நிறம் சேர்ந்தால் அது இன்ன சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது. நிறம் உயிரெடுக்கிற வட்டாரம் இது. இப்படிப்பட்ட இடத்தில் நீலமும் அல்லாத, பச்சையும் அல்லாத, எந்தக் கொடியிலும் எந்தக் கயிற்றிலும் சேராத ஒரு நிறத்தைத் தேடி வீட்டுக்கு அடிப்பது வெறும் விளம்பர மயக்கம் என்று எப்படிச் சொல்வது? மீனவர் குடியிருப்புகளில் லூர்து மாதாவின் இடைக்கச்சை நீலம் கலந்திருக்கலாம். படகுக்கு வாங்கிய எனாமலில் மிச்சமும் கலந்திருக்கலாம். உள்நாட்டு ஊர்களில் காரணம் வேறு. ஆனால் ‘யாருடையதும் அல்லாத நிறம்’ என்கிற ஒரு மறைவிடம் அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கொடியன்குளத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1995 ஆகஸ்ட் 31. அன்றைய சிதம்பரனார் மாவட்டம், இன்றைய தூத்துக்குடி மாவட்டம். நூற்றுக்கணக்கான போலீசார் அந்தத் தலித் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர் அது. டிவியும் மின்விசிறியும் மோட்டார் சைக்கிளும் நொறுக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் பட்டச் சான்றிதழ்களும் கிழிக்கப்பட்டன. குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டதாக ஊர்க்காரர்கள் சாட்சி சொன்னார்கள். ஆயுதம் தேடி வந்ததாகச் சொல்லப்பட்டது. உடைபட்ட சாமான்களின் பட்டியலை வாசித்தால் அங்கே குற்றமாகக் கருதப்பட்டது எது என்று தெரியும். வீடு வீடாக இருந்தது. நல்ல வீடாக இருந்தது. ஓடு போடக் கூடாது, காரை பூசக் கூடாது, திண்ணை கட்டக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்த மக்களுக்கு, சுவர் என்பதே சமீபத்திய விஷயம். அந்தச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது அதைவிடச் சமீபத்தியது. அதைப் பார்த்து ‘என்னா கலருய்யா’ என்று சிரிப்பவனுக்கும் டிவியை உடைத்த லத்திக்கும் இடையே தூரம் இருக்கிறது; ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்கு இல்லை.

அலங்கரிக்கும் உரிமையை அங்கீகரித்தாகிவிட்டது, சரி. இனி டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாத எந்த விமர்சனமும் பாதி விமர்சனம்தான். ரசனைவாதிகள் சுவரை மட்டும் பார்க்கிறார்கள். சூழலியல் தோழர்கள் ஆலையை மட்டும் பார்க்கிறார்கள். டப்பாவை யாரும் பார்ப்பதில்லை.

கடையில் டிண்ட்டிங் மெஷின் என்ன செய்கிறது? முதலில் ஒரு வெள்ளை பேஸ். அதற்குள் சொட்டுச் சொட்டாக நிறக்கூழ். வெளிர் நிறம் கேட்டால் வெள்ளை அதிகம், அழுத்தமான நிறம் கேட்டால் நிறமி அதிகம். அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. அது இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்களிலிருந்து வருகிறது. இல்மனைட் எங்கிருந்து? தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டக் கடற்கரை மணலிலும் கேரளக் கரையிலும் ஒடிசாவிலும் இருந்து. டைட்டானியம் என்றதும் விமானம், ராக்கெட் என்று நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். உண்மையில் உலகில் தோண்டப்படும் டைட்டானியக் கனிமத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வெள்ளை நிறமிக்குத்தான் போகிறது. பெயிண்டுக்கு, பிளாஸ்டிக்குக்கு, காகிதத்துக்கு. 2007இல் டாடா ஸ்டீல் சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிகளில் டைட்டானியம் டை ஆக்சைடு திட்டத்துக்காகத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டபோது நடந்த விவாதங்கள் பலருக்கும் நினைவிருக்கும். ‘தரிசு நிலம்’ என்றது ஒரு தரப்பு. பனையும் முருங்கையும் உடைமரமும் வைத்துப் பிழைக்கிறவர்கள் அது தரிசு இல்லை என்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் திட்டம் நடக்கவில்லை. அந்தச் செம்மணல் மேடு சுவர்களுக்கு வெள்ளையாக மாறுவதற்காகத்தான் கேட்கப்பட்டது என்பதை அன்றைய மேடைகளில் எத்தனை பேர் சொன்னார்கள்? தாதுமணல் கொள்ளை தனிக்கதை. 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்திலும், அடுத்த மாதம் மற்ற மாவட்டங்களிலும் அரசு மணல் அள்ளுவதை நிறுத்தி வைத்தது. அதற்குள் கரையோரத்து ஊர்கள் தாதுமணல் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிளந்து நாட்டுவெடிகுண்டு வரை போயிருந்தன.

இப்போது நிறம். இன்று சந்தையில் உள்ள நீலப்பச்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் தாலோசயனின் என்கிற நிறமிக் குடும்பம். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. 1935இல் ஐசிஐ நிறுவனம் நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பச்சையும் வந்தது. மூலக்கூறின் வடிவம் ஒரு கோலம் மாதிரி இருக்கும்: நாலு பக்கமும் ஒரே மாதிரி வளையங்கள், நட்ட நடுவே ஒரு செம்பு அணு. நீல நிறமியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொரு பங்கு செம்பு. அதே மூலக்கூறின் ஓரங்களில் குளோரினை ஏற்றினால் பச்சை. இரண்டையும் கலந்தால் நம் கடல் கலர். துருக்கிக் கல்லுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதும் செம்புதான். களிம்பேறிய குத்துவிளக்கும் அந்த நிறம்தான். இந்த நிறத்துக்கு அடியில் எங்கே தோண்டினாலும் செம்பு கிடைக்கிறது.

தூத்துக்குடியில் ‘செம்பு’ என்ற சொல்லை உலோகவியல் சொல்லாக மட்டும் யாரும் உச்சரிக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மக்கள் துரத்திய ஆலைக்கு 1994இல் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 1996இலேயே மீனவர்கள் தாது ஏற்றி வந்த கப்பலைக் கடலில் மறித்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன் என்று அதன் உற்பத்தித் திறன் வளர்ந்தது. 2013 மார்ச்சில் வாயுக்கசிவு; அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிவிட்டு ஆலை தொடர அனுமதித்தது. 2018இல் குமரெட்டியாபுரத்து மக்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாள் மே 22 அன்று ஊரே திரண்டு கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தபோது போலீஸ் சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரியில் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஆலையின் செம்புதான் திரேஸ்புரத்துச் சுவரில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது பெரும்பாலும் கம்பிக்கும் மின்சாதனத்துக்கும் போனது. சொல்ல வருவது வேறு. சுடப்பட்ட ஊரின் சுவரில் இருக்கும் நிறமும் செம்பு இல்லாமல் இல்லை. ‘செம்பு வேண்டாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடிய இடத்தில் நம்மில் யாரும் இல்லை. யார் மூச்சில் உருக்குவது, யார் தண்ணீரில் கழுவுவது, யார் சொல்லித் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. போராடிய மக்கள் கேட்டதும் அதைத்தான். அவர்களை ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்று எழுதிய பேனாக்கள் அந்தக் கேள்வியைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு, சங்கடமான முன்னோடி. வில்லியம் மோரிஸ். சோஷலிஸ்ட், கவிஞர், வீட்டு அலங்காரத்தை முதலாளித்துவ விமர்சனமாகவே பார்த்தவர். பயன்படாததையும் அழகில்லாததையும் வீட்டில் வைக்காதே என்ற அவருடைய கருத்தை இன்றைக்கு மரச்சாமான் கடைக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பளிச்சென்ற பச்சைகள் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை: 1775இல் ஷீலே கண்ட பச்சை, 1814இல் வந்த மரகதப் பச்சை. சுவர்த்தாள்களில் இவை நிறைந்திருந்தன. ஈரச்சுவரில் நஞ்சாயின. மோரிஸின் குடும்பச் சொத்து டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற செம்புச் சுரங்கத்தின் பங்குகள். அந்தச் சுரங்கம் ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக ஆர்சனிக் எடுத்த இடம். 1875 வரை அவர் அதன் இயக்குநர்களில் ஒருவர். அவர் நிறுவனத்தின் ஆரம்பகாலச் சுவர்த்தாளில் செம்பு ஆர்சனிக் பச்சை இருப்பதை 2003இல் ஆண்டி மெஹார்க் என்ற வேதியியலாளர் சோதித்துக் காட்டினார். ஆர்சனிக் பயமெல்லாம் டாக்டர்கள் கிளப்பிய பீதி என்று மோரிஸ் 1885இல்கூட, அதாவது சோஷலிஸ்டான பிறகும், கடிதம் எழுதியிருக்கிறார். இதைக் காட்டி மோரிஸை நிராகரிப்பது மலிவான வேலை. அவருடைய விமர்சனம் தறிக்கும் கைக்கும் நேர்மையாக இருந்தது. நிறமிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. கைவினைஞரின் உழைப்பைப் பற்றி அவ்வளவு யோசித்தவருக்கு, பச்சையை இடித்துப் பொடியாக்கியவரின் நுரையீரல் தென்படவில்லை. அலங்காரத்தை அரசியலாக வாசிப்பது போதாது, அலங்காரத்தின் சரக்கையும் வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலும் சரக்கு அப்படியொன்றும் சுத்தமில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் சன்னல் கம்பியில் எனாமல் அடித்தவர்களின், பழைய எனாமலைச் சுரண்டியவர்களின் ரத்தத்தில் என்ன இருந்தது என்று யார் சோதித்தார்கள்? பெயிண்டர்களைப் பற்றி நம் இலக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கட்டடம் கட்டுகிறவர்கள் கொஞ்சம் வந்திருக்கிறார்கள். நிறம் அடிக்கிறவர்கள் ஏணியோடு பின்னணியில் நிற்கிறார்கள். கடற்கரை நாவல்களிலும் வீடு வருகிறது, நிறம் வருவதில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலின் நெருக்கடியே வீட்டையும் வல்லத்தையும் விற்பதா கூடாதா என்பதில் இருக்கிறது. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ இந்தத் துறைமுகத்தின் ஒரு நூற்றாண்டுச் செல்வமும் வீழ்ச்சியும். இரண்டிலும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சாய்ந்து உட்கார்ந்த சுவர் என்ன நிறம்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்கத் தோன்றுகிறது.

பழைய சுவர் நல்ல சுவர், பெயிண்ட் வந்துதான் எல்லாம் கெட்டது என்று யாராவது இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். அதற்கும் வழியில்லை. எமல்ஷனும் டிஸ்டெம்பரும் சிமெண்ட் பெயிண்டும் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் சுவர் என்றால் சுண்ணாம்பு. பனைமட்டையை நுனி நசுக்கிப் பிரஷ் ஆக்கி, பசைக்குக் கஞ்சியோ பிசினோ சேர்த்து, பொங்கலுக்கோ மாதா கோயில் திருவிழாவுக்கோ வெள்ளை அடிப்பார்கள். வெள்ளை மஞ்சளடிக்காமல் இருக்க ஒரு முடிச்சு நீலம். நீலப்பச்சை வேண்டுமென்றால் துருசு, அதாவது மயில்துத்தம். பூச்சி அண்டாது என்பது கூடுதல் லாபம். துருசு செம்பின் உப்பு. ஆக அன்றைக்கும் செம்புதான்.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சிப்பியிலிருந்தும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையிலிருந்தும். யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என்பது இதைத்தான். சிப்பி, முத்து, பவளம் மூன்றும் வேதியியலில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். காளவாசலில் சுட்டு, நீற்றி, சுவரில் பூசினால் அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்து மறுபடியும் கார்பனேட்டாக இறுகிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் ஒருவகையில் முத்தின் உறவுக்காரன். முத்துச்சிப்பியின் உட்புறத்தில் மினுங்கும் நீலப்பச்சைக்கு நிறமியே கிடையாது. அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது நடக்கும் வேலை அது. இப்போது கடையில் ‘பியர்ல் ஃபினிஷ்’ என்று விற்கும் மினுக்கம் வேறு. அதற்கென்று தயாரிக்கும் நிறமி அப்பிரகத் தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிச் செய்வது. முத்து எடுத்த ஊர்க்காரன் அதையும் காசு கொடுத்து வாங்குகிறான்.

வீட்டுக்குச் சுட்டதோடு பவளப்பாறை எடுப்பு நிற்கவில்லை. சிமெண்டுக்கும் கார்பைடு ஆலைகளுக்கும் தோணி தோணியாகப் போனது. 1986இல் மன்னார் வளைகுடா 21 தீவுகளோடு கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் போனது. பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் 2001இல்தான் வந்தன. தடை வந்ததும் அதில் கூலி பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்னொரு கட்டுரை. அலையைத் தடுத்த பாறை போனபின் தீவுகள் கரையத் தொடங்கின. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் காரைச்சல்லியும் சுருங்கிவிட்டன. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். விலங்குசல்லித் தீவு முழுக்க நீருக்குள் போய்விட்டது. இருபத்தொன்று என்ற கணக்கு மட்டும் அரசு ஆவணங்களில் தொடர்கிறது. தீவு இருந்த இடத்தில் ஆழம் குறைவு. அடியில் மணலும் பவளச் சிதைவும். வெயில் நேரத்தில் படகிலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள கருநீலத்துக்கு நடுவே அந்தத் திட்டு மட்டும் நீலப்பச்சையாகத் தெரியும். ஷேடு கார்டில் இருக்கிற நிறம் ஏறக்குறைய அதுதான்.